மூன்று மாத்திரையை ஒன்றாக்கியவர்

டைடனோசின் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு வயிற்று அமிலம் ஆகாது. அமிலம் பட்டதுமே மூலக்கூறு சிதைந்துவிடும். ரத்தத்துக்குப் போய்ச் சேர மிச்சம் இருக்காது. ஆகவே மருந்தோடு கூடவே அமிலத்தை அடக்கும் பொருளும் உள்ளே போக வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு நாம் மென்று தின்கிறோமே, அதே வகைச் சரக்கு. 1990களில் இரண்டையும் சேர்த்து, மென்று விழுங்கும்படி ஒரு பெரிய மாத்திரையாக விற்றது அமெரிக்காவின் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம்.

தாய்லாந்தில் டைடனோசின் மூலக்கூறுக்குக் காப்புரிமை கிடையாது. அது எச்.ஐ.வி.க்கு வேலை செய்யும் என்று காட்டியவர்களே அமெரிக்க அரசு ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள்தான். நிறுவனம் 1998இல் அங்கே வாங்கிய காப்புரிமை, மருந்தையும் அமிலமடக்கியையும் சேர்த்த சேர்மானத்துக்கு. கேட்டால் சின்ன விஷயம் போல இருக்கிறது. ஆனால் அந்தச் சேர்மானம் இல்லாமல் மாத்திரை இல்லை என்றால், மூலக்கூறு யாருடையதாக இருந்து என்ன பயன்?

1999 டிசம்பரில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் சுகாதார அமைச்சகத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது கட்டாய உரிமம். அதாவது, காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும், அவருக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அரசே அந்த மருந்தைச் செய்துகொள்வது. உலக வர்த்தக அமைப்பின் விதிகளிலேயே அதற்கு இடம் உண்டு. அமெரிக்காவின் வர்த்தகக் கோபத்துக்குப் பயந்த தாய்லாந்து அரசு அந்த வழியில் போகத் துணியவில்லை. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அது கொடுத்த பதில், ஏதோ விடுகதைக்கு விடை சொன்னது போல இருந்தது. மாத்திரைக்குத்தானே காப்புரிமை? பொடியாகச் செய்துகொள்ளுங்கள்.

பொடியாகவே செய்தார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும், ருசி சகிக்காது, வயிற்றைக் கலக்கும். ஆனால் கையில் மருந்து இருந்தது. அதைச் செய்தது அரசு மருந்து உற்பத்தி நிறுவனம். அதன் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவின் தலைவர் அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மருந்தாளுநர், கிரிசனா கிரைசின்து.

மருந்து ஏழைக்கும் கிடைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே சட்டம், நீதிமன்றம், போராட்டம், விலைப் பேரம் என்று அந்தப் பக்கமே போய்விடுகிறோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் பொடியா, மாத்திரையா, கேப்ஸ்யூலா, எத்தனை மில்லிகிராம், எதோடு எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கிற மேசை ஒன்று நடுவில் இருக்கிறது. அந்த மேசையில்தான் பல சமயம் விலையும் முடிவாகிறது. கிரிசனாவின் தொழில் வாழ்க்கையை அந்த மேசையிலிருந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம். அவரைப் பற்றி வந்த பாராட்டுரைகள் பெரும்பாலும் தியாகக் கதையாகவே எழுதப்பட்டவை. தியாகம் இருந்தது. ஆனால் மருந்து செய்யத் தெரியாமல் தியாகம் மட்டும் செய்திருந்தால் ஒரு மாத்திரைகூட வந்திருக்காது.

சாமுய் தீவிலிருந்து

பெயரைப் பார்த்ததும் நமக்குக் கிருஷ்ணர்தான் நினைவுக்கு வருவார். தாய்லாந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு அகில் மரம் என்று பொருள். நம் சங்கப் பாடல்களில் புகைகிற அதே அகில்.

1952இல், இன்று சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் சாமுய் தீவில் பிறந்தார். அப்பா மருத்துவர், அம்மா செவிலியர். சியாங் மாய் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பட்டம், அப்புறம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உள்ள ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் மருந்துப் பகுப்பாய்வில் முதுகலை, இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியலில் முனைவர் பட்டம். பகுப்பாய்வு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எத்தனை நிமிடத்தில் கரைகிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு அது. அசல் மருந்தைப் பிரித்துப் பார்த்து, அதே போல ஒன்றைச் செய்து, இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க வேண்டிய ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு கிடையாது. படிக்கும்போது அவருக்கே அது தெரிந்திருக்காது.

ஊர் திரும்பிச் சோங்க்லா இளவரசர் பல்கலைக்கழகத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, 1983இல் அரசு மருந்து உற்பத்தி நிறுவனத்தில் சேர்ந்தார். அதை ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ஜி.பி.ஓ. என்பார்கள். சென்னைக்காரர்கள் பாரிமுனைத் தபால் ஆபீஸை நினைத்துக்கொள்ள வேண்டாம். 1966இல் உருவான அரசு நிறுவனம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து செய்து கொடுப்பது அதன் வேலை. அங்கே ஆய்வு மேம்பாட்டுப் பிரிவை உருவாக்கி, 1989 முதல் அதன் தலைமையில் இருந்தார். காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று அன்றாட மருந்துகள்தான் அங்கே செய்யப்பட்டன. அப்போது எய்ட்ஸ் வந்தது.

வெள்ளைப் பொடி

சிடோவுடின் என்கிற ஏ.இசட்.டி.தான் எச்.ஐ.வி.க்கு எதிராக வந்த முதல் மருந்து. 1964இலேயே புற்றுநோய்க்காகச் செய்து பார்த்து, பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட சரக்கு. 1987இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது ஒரு நோயாளிக்கு ஆண்டுச் செலவு 8,000 முதல் 10,000 டாலர். தாய்லாந்தில் அதை வாங்கச் சக்தி உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1992இல் கிரிசனா அதைத் தானே செய்து பார்க்க ஆரம்பித்தார். சட்டப்படி அதற்கு வழி இருந்தது. அந்த ஆண்டு வரை தாய்லாந்தில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்கும் வழக்கமே இல்லை. அமெரிக்க நெருக்கடியில் 1992இல்தான் சட்டத்தை மாற்றினார்கள். அதற்கு முன் வந்த ஏ.இசட்.டி. அந்த வலையில் சிக்கவில்லை. (இந்தியாவில் 1970 சட்டம் இதே வாசலை 2005 வரை திறந்து வைத்திருந்தது. நம் ஊர் மருந்து நிறுவனங்கள் வளர்ந்த கதை அதுதான்.) ஆனால் வழி இருந்தும் நிறுவனத்துக்குள் ஆதரவு இல்லை. மூலப்பொருள் நச்சுத்தன்மை உடையது. கூட வேலை செய்தவர்கள் தொடவே பயந்தார்கள். தனியாக, சன்னல் இல்லாத ஆய்வுக்கூடத்தில் அந்த வெள்ளைப் பொடியோடு உட்கார்ந்திருந்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார்.

‘காப்பி அடித்தார்’ என்று சொல்லிவிடலாம். ஜெனரிக் மருந்தைப் பற்றி அப்படித்தான் ஒரு இளக்காரம் நம்மிடம் இருக்கிறது. காப்பி அடிப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அசல் கேப்ஸ்யூலில் மருந்து இவ்வளவு என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கூட என்ன மாவு, எவ்வளவு, எந்த நயத்தில் அரைத்தது, எவ்வளவு நேரம் கலந்தது என்பதெல்லாம் இருக்காது. அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். செய்து முடித்ததும் உடல் சூட்டில், அதாவது 37 டிகிரியில், வைத்த ஆறு கண்ணாடிக் குடுவைகளில் ஆளுக்கொரு கேப்ஸ்யூலைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். இத்தனையாவது நிமிடத்தில் இவ்வளவு கரைந்திருக்க வேண்டும் என்று கணக்கு. ஒரு குடுவை பின்தங்கினாலும் ஏன் என்று பார்த்தாக வேண்டும். பிறகு மனிதர்கள். தன்னார்வலர்களுக்கு ஒரு முறை அசல், ஒரு முறை நகல் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, இரண்டு மருந்தும் ரத்தத்தில் ஏறி இறங்கும் கோடுகளை ஒப்பிட வேண்டும். கோடுகள் ஒன்றையொன்று ஒட்டி ஓடினால்தான் நகல் தேறும்.

1995இல் தாய்லாந்தின் சொந்த ஏ.இசட்.டி. வெளிவந்தது.  40 பாட் (தாய்லாந்து நாணயம்) விற்ற கேப்ஸ்யூல் 7, 8 பாட்டுக்கு இறங்கியது.

அந்த ஆண்டு முக்கியம். 1994இல்தான், கர்ப்பிணிக்கு ஏ.இசட்.டி. கொடுத்தால் குழந்தைக்குத் தொற்று போவது 25 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைகிறது என்று அமெரிக்க, பிரெஞ்சு ஆய்வு காட்டியிருந்தது. ஆனால் அந்த முறைக்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும், பிரசவத்தின்போது ஊசி வேண்டும். கடைசி நாலு வாரம் மாத்திரை மட்டும் கொடுத்தாலே தொற்று பாதியாகக் குறையும் என்று 1998இல் காட்டிய ஆய்வு நடந்தது தாய்லாந்தில். மலிவான மருந்து உள்ளூரிலேயே கிடைக்க, எளிய முறையும் கையில் வர, நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க முடிந்தது. 2016 ஜூனில், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் ஆசிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் தாய்லாந்துக்குச் சான்று கொடுத்தது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த வெள்ளைப் பொடியும் இருக்கிறது.

சேர்த்து வைக்க முடியாத மூன்று

1996க்குப் பிறகு எச்.ஐ.வி. சிகிச்சையே மாறிவிட்டது. ஒரு மருந்து போதாது. வைரஸ் சீக்கிரம் பழகிக்கொள்ளும். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் அதற்கு மூச்சுவிட இடம் கிடைக்காது. நம் ஊரில் இதைக் கூட்டு மருந்துச் சிகிச்சை என்றும் ஏ.ஆர்.டி. என்றும் சொல்கிறோம். மூன்று மருந்து என்றால் மூன்று பாட்டில், மூன்று விதமான வேளைக்கணக்கு, மூன்று விலை. ஒரு வேளை ஒன்றை மறந்தாலும் வைரஸுக்குச் சந்தோஷம்.

மூன்றையும் ஒரே மாத்திரையில் வைத்துவிட்டால் என்ன? குழந்தைக்கும் தோன்றுகிற யோசனைதான். பெரிய நிறுவனங்கள் ஏன் செய்யவில்லை? ஸ்டாவுடின் பிரிஸ்டல்-மையர்ஸுடையது. லாமிவுடின் கிளாக்ஸோவுடையது. நெவிராபின் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைமுடையது. மூன்று முதலாளிகளின் சரக்கு ஒரே மாத்திரைக்குள் போகாது. யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் அவை சேர முடியும்.

அப்படி இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று இந்தியா. மும்பையின் சிப்ளா, 2001 பிப்ரவரியில், மூன்று மருந்துகளையும் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் அறிவித்தது. மேல்நாட்டில் அதே சிகிச்சைக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன காலம் அது. அந்த மூன்றையும் ஒரே மாத்திரையாக்கி டிரையோமியூன் என்ற பெயரில் விற்கவும் செய்தது. இன்னொன்று தாய்லாந்து. 2002இல் கிரிசனாவின் பிரிவு அதே மூன்றையும் சேர்த்து ஜி.பி.ஓ.-விர் என்ற மாத்திரையைக் கொண்டுவந்தது. உலகிலேயே இதுதான் முதல் மாத்திரை என்று சில கட்டுரைகளில் பார்த்திருக்கிறேன். தேதியைப் பார்த்தால் சிப்ளாதான் முந்திக்கொண்டது. இதனால் கிரிசனாவின் வேலைக்கு ஒரு குறைவும் இல்லை. லாபத்துக்காக நடத்தும் கம்பெனி செய்தது ஒன்று. ஒரு அரசு நிறுவனம் தன் மக்களுக்காகச் செய்தது இன்னொன்று.

மாத்திரைக்குள்ளே போய்ப் பார்த்தால் அது அவ்வளவு எளிதும் இல்லை. நெவிராபின் 200 மில்லிகிராம், தண்ணீரில் லேசில் கரையாது. லாமிவுடின் 150, சட்டென்று கரையும். ஸ்டாவுடின் வெறும் 30. பெரிய அளவு மாவில் இந்தத் துளியை ஒவ்வொரு மாத்திரையிலும் சமமாக விழும்படி கலக்க வேண்டும். அடை மாவில் பெருங்காயம் கலப்பது போல. ஒரு அடையில் கட்டியாகவும் இன்னொன்றில் இல்லாமலும் போகக் கூடாது. போதாததற்கு ஸ்டாவுடினுக்கு ஈரம் ஆகாது, மெல்ல மெல்ல உடைந்துபோகும். பாங்காக்கின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

அப்புறம் எடை. 60 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 30 மில்லிகிராம் ஸ்டாவுடின், மேலே இருப்பவர்களுக்கு 40. அதனால் இரண்டு மாத்திரை. நெவிராபினை முதல் இரண்டு வாரம் பாதி அளவுதான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலில் கொப்புளம் கிளம்பும், கல்லீரல் கெடும். அதனால் மூன்றும் சேர்ந்த மாத்திரையை முதல் நாளிலிருந்தே வேளை தவறாமல் கொடுக்க முடியாது. ஒன்றாகச் சேர்த்தால் எளிமை கிடைக்கும், பதிலுக்கு நெளிவு சுளிவு போய்விடும். கூட்டு மாத்திரை எல்லாமே நல்லது என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நம் நாட்டில் எந்த நியாயமும் இல்லாமல் இரண்டையும் மூன்றையும் சேர்த்து விற்ற 344 கூட்டு மருந்துகளை 2016இல் மத்திய அரசு தடை செய்ய வேண்டி வந்தது. அவற்றைச் சேர்த்தது சந்தைக்காக.

ஜி.பி.ஓ.-விர் மாத்திரை ஒன்று 20 பாட். காலை ஒன்று, இரவு ஒன்று. மாதம் 1,200 பாட், அன்றைய கணக்கில் 30 டாலருக்கும் குறைவு. இந்த விலை வந்த பிறகுதான் தாய்லாந்து அரசுக்கு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்ற தைரியமே வந்தது. ஒரு முறைக்கு 30 பாட் கொடுத்தால் சிகிச்சை என்று 2001இல் தொடங்கிய அரசு மருத்துவத் திட்டத்தில் முதலில் எச்.ஐ.வி. மருந்துகள் சேர்க்கப்படவில்லை, கட்டுப்படியாகாது என்றார்கள். 2005 அக்டோபரில் சேர்த்தார்கள். இங்கே தாம்பரம் சானடோரியம் உட்பட எட்டு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியபோது கொடுத்ததும் பெரும்பாலும் இதே மூன்று மருந்துகளின் சேர்க்கைதான்.

அந்த மருந்தைச் சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்தே சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டாவுடின் சில வருடங்களில் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்துவிடும், முகம் ஒட்டிப்போகும். பாதம் எரியும், மரத்துப்போகும். 2009இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. தாய்லாந்திலும் ஸ்டாவுடினுக்குப் பதில் ஏ.இசட்.டி. வைத்த இன்னொரு மாத்திரை வந்தது. சாவைத் தள்ளிப்போட்ட மருந்து தழும்பையும் விட்டுச் சென்றது. பணக்கார நாடுகள் முன்பே விட்டுவிட்ட மருந்தை ஏழை நாடுகள் இன்னும் சில வருடம் சாப்பிட்டதற்குக் காரணம் விலைதான். இதை மறைத்துவிட்டு ஜி.பி.ஓ.-விர் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

இதற்கிடையில் டைடனோசின் விவகாரமும் ஒரு முடிவுக்கு வந்தது. எச்.ஐ.வி. உள்ள இரண்டு பேரும் ஒரு தொண்டு அமைப்பும் காப்புரிமையை எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார்கள். விண்ணப்பத்தில் முதலில் இருந்த 5 முதல் 100 மில்லிகிராம் என்ற வரம்பைப் பிறகு நீக்கிக் காப்புரிமையை அகலமாக்கியது தவறு என்று 2002 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. மருந்து இல்லாமல் பாதிக்கப்படும் நோயாளிக்கே காப்புரிமையைக் கேள்வி கேட்க உரிமை உண்டு என்றும் நீதிமன்றம் சொன்னது. இரண்டாவது பகுதிதான் பெரிது என்று எனக்குப் படுகிறது. 2004 தொடக்கத்தில் நிறுவனம் அந்தக் காப்புரிமையையே விட்டுக்கொடுத்தது. பொடி குடித்தவர்களுக்கு விடுதலை.

ஆப்பிரிக்காவுக்கு

ஜி.பி.ஓ.-விர் வந்த அதே 2002இல் கிரிசனா வேலையை விட்டார். எச்.ஐ.வி. மருந்து செய்வதில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு உதவுவதாகத் தாய்லாந்து 1999இல் உலக அரங்கில் வாக்குக் கொடுத்திருந்தது. அரசு அதைக் காற்றில் விட்டது. ‘நாடு கொடுத்த வாக்கை நான் காப்பாற்றுகிறேன்’ என்பது போல, 50 வயதில் தனி ஆளாகக் கிளம்பினார்.

அவர் முதலில் பிடித்த வேலை காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கு எல்லையில், கிவு ஏரிக்கரையில் உள்ள புகாவு என்ற ஊரில். அங்கே ஃபார்மகினா என்ற ஆலை சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆலைக்கு எச்.ஐ.வி. மாத்திரை செய்யக் கற்றுக்கொடுப்பதுதான் திட்டம். போர் ஓயாத பகுதி அது. 2004 ஜூன் தொடக்கத்தில் கலகப் படை நகரத்தையே பிடித்து வைத்திருந்தது. இத்தனைக்கும் நடுவே 2005இல் அஃப்ரி-விர் என்ற மாத்திரை வந்தது, ஜி.பி.ஓ.-விரின் அதே மூன்று மருந்துகளோடு. பிறகு தான்சானியா, மாலி, பெனின் என்று பல நாடுகள். எச்.ஐ.வி.யோடு மலேரியா மருந்தும் சேர்ந்துகொண்டது.

அந்த மலேரியா மருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடும் மலேரியா வந்த சின்னக் குழந்தை மாத்திரை விழுங்காது. விழுங்கினாலும் வாந்தி எடுத்துவிடும். வலிப்பு வந்தால் வாயைத் திறக்கவே முடியாது. ஊசி போட மருத்துவமனை வேண்டும், அது ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கும். ஆர்ட்டிசுனேட் என்ற மருந்தை ஆசனவாய் வழியாக வைக்கும் குச்சியாகச் செய்துவிட்டால், கிராமத்திலேயே அம்மா வைத்துவிடலாம். மருத்துவமனை போய்ச் சேரும் வரை உயிரைப் பிடித்து வைக்கும். தான்சானியாவின் அருஷாவில் கிரிசனா செய்ய உதவியது இதைத்தான். தாய்-தான்சுனேட் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு நாடுகளின் பெயரும் அதற்குள் இருக்கிறது.

இதிலும் ஒரு வடிவச் சிக்கல் இருக்கிறது. இந்தக் குச்சி உடல் சூட்டில் உருக வேண்டும், அதற்காகத்தானே செய்கிறோம். ஆனால் கூரை தகிக்கிற கிராமத்துக் கடையில் உருகக் கூடாது. பழங்காலமாக ஐரோப்பாவில் பயன்படுத்திய கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். குளிர்ப் பெட்டி இல்லாத ஊருக்கு அது சரிப்படாது. ஆப்பிரிக்கக் கோடையை மனதில் வைத்து மருந்துக் குச்சி செய்ய வேண்டும் என்பது சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் தோன்றுகிற கவலை இல்லை.

கணக்கு உதைத்த இடம்

2009இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.  விருது கிடைத்த நேரத்திலேயே ஆப்பிரிக்காவில் உள்ளூர் உற்பத்தி என்ற திட்டம் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது. காரணங்களைப் பார்த்தால் யாரையும் வில்லனாக்க முடியாது.

மூலப்பொருள் எப்படியும் இந்தியாவிலிருந்தோ சீனாவிலிருந்தோதான் வர வேண்டும். கோடிக்கணக்கில் மாத்திரை அடிக்கும் இந்திய ஆலையோடு, லட்சக்கணக்கில் அடிக்கும் சின்ன ஆலை விலையில் போட்டி போட முடியாது. குளோபல் ஃபண்ட் போன்ற கொடையாளிகளின் பணத்தில் மருந்து வாங்க வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதிச் சான்று அல்லது அதற்கு இணையான கடும் சான்று வேண்டும். அதை வாங்கச் செலவும் ஆண்டுக்கணக்கான ஆவணங்களும் தேவை. விளைவு, 2006க்குப் பிறகு கொடையாளர் பணத்தில் வளரும் நாடுகள் வாங்கிய எச்.ஐ.வி. மருந்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் இந்திய ஜெனரிக். அதைப் பற்றி நமக்குப் பெருமை இருக்கலாம். புகாவுவில் உட்கார்ந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

ஜி.பி.ஓ.-வுக்கே இந்தச் சான்று பெரும் தலைவலியாக இருந்தது. ஜி.பி.ஓ.-விருக்கு முன்தகுதி கிடைக்கவே இல்லை. ஊருக்குள் லட்சம் பேர் சாப்பிட்டாலும் வெளியே விற்க முடியாது. அந்த நிறுவனத்தின் எச்.ஐ.வி. மருந்து ஒன்றுக்கு, எஃபாவிரென்ஸுக்கு, முதல் முறையாகச் சான்று கிடைத்தது 2018இல். இந்த எஃபாவிரென்ஸுக்குத்தான் 2006 நவம்பரில் தாய்லாந்து துணிந்து கட்டாய உரிமம் பிறப்பித்தது. 1999இல் அமைச்சகத்தின் வாசலில் உட்கார்ந்தவர்கள் கேட்டது, ஏழு வருடம் கழித்து, வேறு மருந்துக்கு வந்தது. அடுத்த சில வாரங்களில் இன்னும் இரண்டு மருந்துகளுக்கும் உரிமம் வர, அமெரிக்காவின் அபாட் நிறுவனம் கோபத்தில் தன் புதிய மருந்துகளைத் தாய்லாந்தில் பதிவு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டது. கட்டாய உரிமத்தின் பேரில் முதலில் வந்து இறங்கியதும் இந்தியாவில் செய்த மாத்திரைதான்.

தரம் பற்றிய கவலையைப் பணக்கார நாடுகளின் சூழ்ச்சி என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. 2012இல் தான்சானியாவில் போலி எச்.ஐ.வி. மாத்திரைகள் சிக்கின. அவை அருஷாவில் கிரிசனா வேலை செய்த அந்த ஆலையின் லேபிளோடு இருந்தன; அரசு ஆலையின் உற்பத்தியை நிறுத்திவைத்தது. கிரிசனாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒருவர் வந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போனால் போதாது, கண்காணிக்கிற அரசு அமைப்பும் கூடவே வளர வேண்டும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆறு குடுவையில் மாத்திரையைப் போட்டுப் பார்க்கிற ஆள் ஒவ்வொரு நாளும் வேண்டும்.

சரி, அப்படியானால் ஆப்பிரிக்காவில் ஆலை என்ற யோசனையே தப்பா? 2020 வரை கேட்டிருந்தால் பலரும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இந்தியா மலிவாகச் செய்கிறது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? பிறகு கொரோனா வந்தது. 2021இல் இரண்டாம் அலையில் நம் நாடே திணறியபோது இந்தியத் தடுப்பூசி ஏற்றுமதி நின்றது. அதை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் கைபிசைந்து நின்றன. தனக்கு வேண்டிய தடுப்பூசிகளில் 60 சதவீதத்தை 2040க்குள் தன் மண்ணிலேயே செய்வது என்று ஆப்பிரிக்க ஒன்றியம் இலக்கு வைத்தது அதற்குப் பிறகுதான். 2002இல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பெண்மணி சொன்னது ஏறக்குறைய இதையேதான். அப்போது அதை நல்ல மனசு என்றார்கள். இப்போது கொள்கை என்கிறார்கள்.

கிரிசனா பிறகு தாய்லாந்தில் ரங்சித் பல்கலைக்கழகத்தில் கீழை மருத்துவப் புலத்தின் தலைவராகவும் இருந்தார். ஜி.பி.ஓ.-விர், அஃப்ரி-விர் இரண்டுமே இன்று பழங்கதை. இப்போதைய முதல் நிலைச் சிகிச்சை டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. 2017இல் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 75 டாலர் என்று விலை பேசினார்கள். பிறகு அது 45 டாலருக்கும் கீழே போய்விட்டது. நைரோபிக்குப் பக்கத்தில் உள்ள யுனிவர்சல் கார்ப்பரேஷன் என்ற ஆலைக்கு 2023இல் இந்த மாத்திரைக்கான உலக சுகாதார நிறுவனச் சான்று கிடைத்தது. 2025இல் குளோபல் ஃபண்ட் முதல் முறையாக ஆப்பிரிக்காவில் செய்த முதல் நிலை எச்.ஐ.வி. மருந்தை வாங்கியது அங்கிருந்துதான். ஆண்டுக்கு 72,000 பேருக்குப் போதுமான சரக்கு மொசாம்பிக்குக்குப் போனது. அந்த மாத்திரையில் உள்ள மூன்றில் ஒன்று, புகாவுவில் கலந்த அதே லாமிவுடின்.